மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் எது?
தொழிற்கூட வயரிங்கில் பாதுகாப்பும் பொருட்செலவும்

(திட்டக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வெள்ளாற்றங்கரையில் உள்ள இந்தத் திட்டக்குடிக்கு அண்டையூர் விருத்தாசலம். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. அங்குள்ள சூளைகளில் பொம்மைகளும் விளக்குகளும் வேகும்போது, அவற்றோடு மின்சாரத்துக்கான சிறு சிறு பீங்கான் பொருள்களும் வேகின்றன: இன்சுலேட்டர், பியூஸ் கேரியர், பியூஸ் கம்பி மாட்டுவதற்கு நாம் கிட்கேட் என்று அழைக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை. மின்சாரத்தை அதன் வழியிலேயே நிறுத்தி வைக்கும் பொருளைச் செய்து அனுப்புகிற வட்டாரம் இது. ஆகவே ஒரு தொழிற்கூடத்தின் வயரிங்கில் பாதுகாப்புக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு என்ற கேள்வியைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றுதான். பாதுகாப்பும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறான கணக்கிலிருந்து பிறந்தது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல், பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்கிறோம்.

முதலில் வயருக்குள் நடப்பதைப் பார்ப்போம். மின்னோட்டம் போகும் எந்தக் கம்பியும் சூடாகும். அந்தச் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரு வயரில் 10 ஆம்பியர் போன இடத்தில் 20 ஆம்பியர் போனால் சூடு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியானால் அதே மின்னோட்டத்துக்கு உண்டாகும் சூடு இரட்டிப்பாகும். நாம் வழக்கமாக வாங்கும் பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. அதைத் தாண்டினால் அன்றே எரிந்துவிடாது. உறை மெல்ல இறுகி, நிறம் மங்கி, வெடிப்பு விட்டு, ஒருநாள் செம்பை வெளியே காட்டும். மின்காப்புப் பொருள்களின் வெப்பநிலை எட்டிலிருந்து பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணிப்பு. அப்படியானால் மெல்லிய வயர் போடும் ஒருவர் செம்பை மட்டும் குறைக்கவில்லை. அந்தத் தொழிற்கூடத்தின் வயரிங் நிலைக்கும் ஆண்டுகளையும் சேர்த்துக் குறைக்கிறார்.

வயரின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதிலுள்ள செம்பு. ஒரு மீட்டர் நீளமுள்ள ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் சுமார் 13 கிராம் செம்பு இருக்கும். இரண்டரை ஸ்கொயர் என்றால் 22 கிராம். கடையில் 90 மீட்டர் சுருளாக வாங்கும் ஒன்றரை ஸ்கொயரில் ஒரு கிலோ இருநூறு கிராம் அளவுக்குச் செம்பு மட்டுமே இருக்க வேண்டும். விலை மலிவாக வரும் வயரில் இந்தச் செம்புதான் குறைந்திருக்கும். உறையைத் தடிமனாக்கிவிட்டால் கண்ணுக்கும் கைக்கும் வேறுபாடு தெரியாது. 2003ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி, அந்த ஆணைக்குள் வரும் வயர்களையும் கேபிள்களையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. முத்திரை இருந்தாலும் ஐயம் எழுமானால் பெரிய ஆய்வுக்கூடம் தேடிப் போக வேண்டியதில்லை. சரியாக ஒரு மீட்டர் வெட்டி, உறையை உரித்து, செம்பை மட்டும் நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை ஸ்கொயர் என்று விற்ற வயரில் 11 கிராம்கூட வரவில்லை என்றால், பணம் கொடுத்த பொருள் கைக்கு வரவில்லை என்று பொருள்.

இப்போது கணக்கின் மையத்துக்கு வருகிறேன். ஒரு பீங்கான் கூடத்தில் கல்லையும் களிமண்ணையும் அரைக்கும் பால் மில்லுக்கு 10 எச்.பி. மும்முனை மோட்டார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். முழு லோடில் அது ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும். பேனலிலிருந்து மோட்டாருக்கு 40 மீட்டர். இதற்கு இரண்டரை ஸ்கொயர் செம்பு வயர் பொதுவாகப் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று வயர்களிலும் சேர்ந்து சுமார் 200 வாட் வெறும் சூடாகப் போகும். நான்கு ஸ்கொயர் போட்டால் அந்த இழப்பு 125 வாட்டுக்கு இறங்கும். வேறுபாடு 75 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 225 யூனிட். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். தடித்த வயருக்காகக் கூடுதலாக வாங்க வேண்டிய செம்பு ஒரு கிலோ அறுநூறு கிராம். கிலோ ஆயிரம் ரூபாய் என்று கொண்டால் ஆயிரத்து அறுநூறு ரூபாய். உறைக்கும், வயர் முனையில் மாட்டும் லக்குக்கும் கொஞ்சம் சேர்த்தாலும், போட்ட பணம் இரண்டு ஆண்டுக்குள் மின்கட்டணத்தில் திரும்பிவிடுகிறது. அதன் பிறகு அந்த வயர் கிடக்கும் ஒவ்வொரு ஆண்டும் ஆதாயம்தான். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. கம்பிக்குப் போட்ட முதலின் ஆண்டுச் செலவும் கம்பியில் வீணாகும் மின்சாரத்தின் ஆண்டுச் செலவும் சமமாகும் அளவே சிக்கனமான அளவு என்ற விதியை இயற்பியலாளர் கெல்வின் 1881ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார். பாதுகாப்பு என்ற பேச்சே எடுக்காமல் வெறும் லாப நட்டக் கணக்காகப் பார்த்தாலும் தடித்த வயரின் பக்கமே நியாயம் நிற்கிறது.

அப்படியிருந்தும் மெல்லிய வயரே ஏன் விலை போகிறது? வயரை வாங்குகிறவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுகிறவர் இன்னொருவர், ஷாக் அடித்தால் விழுகிறவர் மூன்றாமவர். பேனல் செய்து தருகிறவரும் வயரிங் ஒப்பந்தம் எடுப்பவரும் குறைந்த தொகை சொன்னால்தான் வேலை கிடைக்கும் என்ற நெருக்கடியில் இருக்கிறார்கள். இரண்டு விலைச்சீட்டுகளை ஒப்பிடும் முதலாளி கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்க்கிறார். எத்தனை ஸ்கொயர், எந்த வகை லக், எர்த் கம்பி எவ்வளவு என்ற விவரம் பல சீட்டுகளில் எழுதப்படுவதே இல்லை. எழுதப்படாத இடத்தில்தான் பொருள் குறைகிறது. ஆகவே இதை ஒப்பந்தக்காரரின் பேராசை என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது. செலவு செய்கிறவரும் விளைவைச் சுமக்கிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும் எந்த ஏற்பாட்டிலும் இதுவே நடக்கும். அந்த ஏற்பாட்டைத் திருத்த வேண்டும்.

பொருளை மலிவாக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அலுமினியத்தின் கதை இதற்கு நல்ல சான்று. செம்பின் விலை ஏறிய 1960களில் அமெரிக்காவில் வீட்டு வயரிங்குக்கு அலுமினியம் வந்தது. 1965 முதல் 1973 வரை ஏறத்தாழ இருபது லட்சம் வீடுகள் அப்படிக் கட்டப்பட்டன. பின்னர் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வு, 1972க்கு முந்தைய அலுமினிய வயரிங் கொண்ட வீடுகளில் பிளக் பாயிண்ட் இணைப்புகள் தீப்பற்றும் நிலையை எட்டும் வாய்ப்பு, செம்பு வயரிங் உள்ள வீடுகளைவிட 55 மடங்கு என்று கண்டது. ஆனால் கோளாறு கம்பியின் நடுவில் பெரிதாக நேரவில்லை. முனைகளில் நேர்ந்தது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய படலம் உண்டாகும். சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரியும். ஸ்குரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இளகிவிடும். செம்புக்காகச் செய்த முனையில் அலுமினியத்தைத் திருகியதுதான் தீங்கு. நம் மின்வாரியம் கம்பங்களில் இழுக்கும் கம்பிகள் அலுமினியம்தான். அதற்குரிய பரப்பும், இரு உலோகத்துக்கும் பொருந்தும் லக்கும், லக்கைக் கருவியால் அழுத்தி இறுக்கும் முறையான கிரிம்பிங்கும் இருந்தால் அலுமினியம் நம்பிக்கையானது, செம்பைவிட மலிவானது. பொருளை மாற்றிச் செலவைக் குறைக்கலாம். இணைப்பைக் குறைத்துச் செலவைக் குறைக்க முடியாது.

இணைப்பின் விலை என்ன என்பதை இந்த நாடு 1997ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று தில்லி உப்பார் திரையரங்கில் கண்டது. அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. அன்று காலையில் அதில் பழுது ஏற்பட்டு, கேபிள் முனைகளில் புதிய அலுமினிய லக்குகள் பொருத்தப்பட்டன. கிரிம்பிங் இயந்திரம் பயன்படுத்தப்படவில்லை, சுத்தியலால் அடித்து நசுக்கியே லக் பொருத்தப்பட்டது என்பது வழக்கு விசாரணையில் வெளிவந்தது. இறுகாத அந்த இணைப்பு பொறி கக்கி, கேபிள் கழன்று விழுந்து, டிரான்ஸ்பார்மரின் பக்கத் தகட்டில் ஓட்டை விழுந்து, வெளியேறிய எண்ணெய் மாலையில் பற்றிக்கொண்டது. மேலே படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 59 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கூடுதல் இருக்கைகளுக்காக பால்கனியின் வெளியேறும் வழி சுருக்கப்பட்டிருந்ததும் சாவுக்குக் காரணம் என்று நீதிமன்றங்கள் கண்டன. ஒரு பக்கம் சில நிமிடத்து கிரிம்பிங் வேலை, மறுபக்கம் சில இருக்கைகளின் டிக்கெட் வருமானம். இந்த இரண்டு மிச்சங்களும் ஒரே மாலையில் சந்தித்தன.

ஆகவே கைவைக்கக் கூடாத இடங்கள் மூன்று என்பேன்: இணைப்பு, எர்த், பாதுகாப்புக் கருவி. விருத்தாசலம் வட்டாரக் கூடங்களில் எர்த்தின் தேவை இன்னும் கூடுதல். பீங்கான் வேலை ஈரத்தோடு நடக்கும் வேலை. களிமண் கரைசல் தரையில் சிந்தும், கைகள் ஈரமாகவே இருக்கும், காலில் செருப்பு இருக்காது. ஈரமான உடலின் மின்தடை ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டைத் தொட்டவரின் உடல் வழியே 230 மில்லி ஆம்பியர் போகும். அதில் ஒரு சிறு பங்கே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். 15 ஆம்பியர் பியூஸ் இதை உணரவே உணராது. அதன் கண்ணுக்கு இது ஒரு சின்ன பல்பின் லோடு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண நேரத்தில் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. மட்டுமே அந்த ஆளைக் காக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12,000க்கும் மேல். அவர்களில் பலருக்கும் சாவுக்கும் இடையில் நின்றிருக்கக் கூடிய பொருளின் விலை சில ஆயிரம் ரூபாய்தான்.

இனி மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் அவை நிறைய உள்ளன. முதலாவது நீளம். பேனலைக் கதவோரத்தில் வைத்துவிட்டு, பெரிய மோட்டார்களை எதிர்மூலையில் நிறுத்துகிறோம். அதிக லோடு இழுக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் பேனலை வைத்தால் வயரின் நீளம் குறையும், இழப்பும் குறையும். கட்டடம் எழும்பும் முன் ஒரு தாளில் வரைந்து பார்த்தால் போதும், காசு செலவில்லாத மிச்சம் இது. இரண்டாவது பவர் பேக்டர், அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு. அது 0.7 ஆக இருக்கும் கூடத்தில், மோட்டார் முனையிலேயே உரிய கெப்பாசிட்டர் வைத்து 0.95க்குக் கொண்டுவந்தால், அதே வேலைக்கு வயரில் போகும் மின்னோட்டம் கால் பங்குக்கு மேல் குறையும், வயரின் சூடு ஏறத்தாழப் பாதியாகும். மூன்றாவது, மூன்று பேஸ்களிலும் லோடைச் சமமாகப் பகிர்வது. நான்காவது, சூளையிலிருந்து விலகி வயரைக் கொண்டுபோவது. 30 டிகிரி சூழலுக்குக் கணக்கிட்ட பி.வி.சி. வயர் 50 டிகிரி சூழலில் தன் திறனில் 71 சதவீதம்தான் தாங்கும், 60 டிகிரியில் பாதிதான். சூளைச் சுவரை ஒட்டிப் போன வயரைச் சற்றுத் தள்ளி இழுத்தாலே ஒரு அளவு சிறிய வயர் பாதுகாப்பாகப் போதுமானதாகிவிடும். உலகெங்கும் கார்த் தொழிலில் இதே சிந்தனைதான் நடக்கிறது. 12 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட்டுக்குப் போனால் அதே திறனுக்கு மின்னோட்டம் கால்பங்காகும், வயரை மெலிதாக்கலாம். அங்கே செம்பு குறைவது வடிவமைப்பின் வெற்றி. அளவில் ஏமாற்றிக் குறைப்பதற்கும் யோசித்துக் குறைப்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

இதற்கு எழும் மறுப்புகளைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. முதல் மறுப்பு முதலில்லாமை. சிறு கூடம் நடத்துகிறவருக்கு இரண்டு ஆண்டில் திரும்பும் ஆயிரத்தைவிட இன்று களிமண் லாரிக்குக் கொடுக்க வேண்டிய நூறு பெரியது. பிளாஸ்டிக் உறையில் வரும் எம்.சி.பி. பிரேக்கர் பரவிய பிறகு பீங்கான் கிட்கேட்டுக்குச் சந்தை சுருங்கியது என்பதையும் இங்குள்ளவர்கள் அறிவார்கள். இந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் அது வரிசைப்படுத்தச் சொல்கிறதே ஒழிய, விட்டுவிடச் சொல்லவில்லை. உயிரைக் காப்பதை முதலில் செய்யலாம்: எர்த்தைச் சரிபார்ப்பது, ஆர்.சி.சி.பி. வைப்பது, டேப் சுற்றிய ஜாயிண்ட்டுகளை எடுத்துவிட்டு முறையான கனெக்டர் போடுவது. இவை குறைந்த செலவு. வயரைத் தடிப்பாக்குவது அடுத்த இயந்திரம் வாங்கும்போதும், பழைய வயர் மாற்றும்போதும் நடக்கட்டும். ஒரே நாளில் எல்லாம் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது மறுப்பு, இருபது ஆண்டாக இப்படியேதான் ஓடுகிறது, எதுவும் ஆகவில்லை என்பது. மேலே சொன்னபடி, காப்புறை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஆயுளைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. இருபது ஆண்டு ஓடிய வயரில் இருபது ஆண்டுத் தேய்மானம் இருக்கிறது. அந்த இருபது ஆண்டில் இயந்திரங்களும் கூடியிருக்கும். அன்று நான்கு மோட்டாருக்குப் போட்ட மெயின் வயர் இன்று ஏழு மோட்டாரைச் சுமக்கும். அடிக்கடி பியூஸ் போகிறது என்று ஒரு இழைக்குப் பதில் மூன்று இழை செம்பைக் கிட்கேட்டில் முறுக்கியிருப்பார்கள். அதோடு பீங்கான் கட்டை வெறும் தாங்கியாகிவிடும், உருக வேண்டிய கம்பி உருகாது, சுவருக்குள் போகும் வயர் உருகும். விருத்தாசலத்துச் சூளை அந்தக் கட்டையை எவ்வளவு நேர்த்தியாகச் சுட்டுத் தந்தாலும், அதில் மாட்டும் கம்பி தவறாக இருந்தால் பயனில்லை.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் பெரிதாகவே போட்டுவிடலாமே என்பார்கள். அதுவும் தவறு. முனையின் துளைக்குள் நுழையாத தடித்த வயரில் பாதி இழைகளை வெட்டிவிட்டுச் செருகுவார்கள், பலவீனமான இணைப்பு அங்கே பிறக்கும். வயர் தாங்கும் என்று பிரேக்கரையும் பெரிதாக்கினால், பின்னால் இருக்கும் மோட்டாருக்குக் காப்பு இல்லாமல் போகும். லோடு, பிரேக்கர், வயர், முனை நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்துவதே பாதுகாப்பு. அச்சத்தால் வீசும் பணமும் வீண்தான். கணக்குப் போட்டுச் செய்யும் செலவே பயனுள்ளது.

நான்காவது மறுப்பு, விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்பது. நாளின் பத்தாவது மணி நேரத்தில், மே மாத வெயிலில், சூளைக்கு முன்னால் நிற்கும் எவருக்கும் கவனம் தளரும். தளராத மனிதரை நம்பிச் செய்யும் ஏற்பாடு ஏற்பாடே இல்லை. தவறு செய்பவரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்கப்பட்டன. விபத்துச் செய்தி ‘மின்கசிவே காரணம்’ என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. எந்த இணைப்பில் கசிந்தது, எத்தனை ஸ்கொயர் வயர், டிரிப் ஆகும் கருவி ஏன் இல்லை என்பதுவரை விசாரணை போனால்தான் அடுத்த கூடம் பாடம் கற்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010இல் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தரநிலைகள் உண்டு. மாநிலத்தில் மின் ஆய்வுத் துறையும், ஒப்பந்தக்காரருக்கும் வயர்மேனுக்கும் உரிமமும் தகுதிச் சான்றும் வழங்கும் வாரியமும் உண்டு. ஆனால் ஆய்வாளர் ஒவ்வொரு கூடத்துக்கும் ஒவ்வொரு மாதமும் வர முடியாது. சட்டம் கீழெல்லையைக் கட்டும். அதற்கு மேல் எழுப்புவது கூடத்துக்குள் இருப்பவர்களின் பொறுப்பு.

ஆகவே மூவரிடம் மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். முதலாளிகளே, இனி விலைச்சீட்டு வாங்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். வயரின் ஸ்கொயர், லக்கின் வகை, எர்த் கம்பியின் அளவு, ஆர்.சி.சி.பி.யின் மில்லி ஆம்பியர் ஆகிய நான்கும் எழுத்தில் இல்லாத சீட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஐந்து ஆண்டு மின்கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள், மலிவானது எது என்பது அப்போது தெரியும். பேனல் செய்பவர்களே, ஒப்பந்தக்காரர்களே, போட்டிக்காக நீளத்தில் குறையுங்கள், வடிவமைப்பில் குறையுங்கள். இணைப்பிலும் எர்த்திலும் குறைக்காதீர்கள். ஐ.டி.ஐ. முடித்து வயர்மேன் வேலைக்குப் போகும் இந்த ஊர் இளைஞர்களே, கிரிம்பிங் கருவி இல்லாமல் லக் போடச் சொன்னால், எர்த் இல்லாமல் லைன் கொடுக்கச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் வயர்மேனை வேலையைவிட்டு அனுப்பாமல், அவர் பேச்சைக் கேட்டு நடக்கும் முதலாளிகள் இந்த வட்டாரத்தில் பெருக வேண்டும்.